அடைப்புக்குறியின் ஏழாவது வரி

அந்தப் பட்டறையில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் அடைப்புக்குறி. ஒரு வாக்கியம் எழுதினால் அதற்குள் இரண்டு அடைப்புக்குறியாவது போடாமல் அவளுக்குக் கை நிற்காது. 'நாளை (செவ்வாய்) எனக்கு (என் கணவருக்கும்தான்) காய்ச்சல் (லேசாக)' என்று விடுப்புக் கடிதம் எழுதிய மகராசி அவள். அந்தக் கடிதம் நோட்டீஸ் போர்டில் ஒரு மாதம் தொங்கியது. யார் ஒட்டினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை, ஃபிட்டர் அண்ணன் மேல்தான் எல்லாருக்கும் சந்தேகம்.

சும்மா சொல்லக்கூடாது, வேலையில் கெட்டிக்காரி. ஓடுகிற மோட்டாரில் கையை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பதினொரு வருஷமாக அடுத்தவர்கள் வடிவமைத்த இயந்திரங்களுக்கு வைத்தியம் பார்த்தவள். இப்போதுதான் முதல் தடவையாக, முதல் கோட்டிலிருந்து கடைசித் திருகு வரைக்கும், அவளே ஒரு இயந்திரம் செய்து முடித்திருந்தாள். ஆஸ்பத்திரிக் கத்தி, கத்தரிக்கோல், இடுக்கிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் இயந்திரம். பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும் பெரிய பானை மாதிரி இருக்கும், முன்னால் ஒரு வட்டக் கதவு. அதனால் பட்டறையில் அதற்குப் பானை என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பானையைக் கேட்டிருந்தது மலைப்பாதை முடிகிற இடத்தில் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே இன்ஜினியர் கிடையாது, ஏதாவது ஒன்று என்றால் ஓடிப் போய்க் கூட்டி வரவும் ஆள் கிடையாது. அவர்கள் எழுதிய கடிதம் நாலே வரி. 'உங்கள் புத்தகத்தைப் படித்து எங்கள் நர்சுகளே ஓட்ட முடியுமானால் இயந்திரத்தை எடுத்துக்கொள்கிறோம். முடியாவிட்டால் வேண்டாம். வேறொரு கம்பெனியும் தங்கள் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அடுத்த வாரம் வியாழக்கிழமை லாரியோடு வருகிறோம்.' இதைவிடத் தெளிவாக யாராலும் எழுத முடியாது. அதைப் படித்துவிட்டு அடைப்புக்குறி கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். இயந்திரம் செய்யச் சொன்னால் செய்துவிடலாம். புத்தகம் எழுதுவது யார்?

அவள்தான். அந்தப் பட்டறையில் இயந்திரத்தைச் செய்தவரே அதன் புத்தகத்தையும் எழுத வேண்டும், அது சட்டம். அதற்குமேல் வாய்ப்பூட்டு என்று ஒரு வழக்கமும் இருந்தது. மேனேஜர் கொண்டுவந்தது. இயந்திரத்தை அதற்குமுன் தொட்டே பார்க்காத ஒருவர் கையில் புத்தகத்தைக் கொடுத்து ஓட்டச் சொல்வார்கள். எழுதியவர் தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். பேசக்கூடாது, கை காட்டக்கூடாது, கண்ணடிக்கக்கூடாது. இருமினால்கூட மேனேஜர் முறைப்பார். 'நீங்க புத்தகத்துக்குள்ள உட்கார்ந்துக்கிட்டா ஊருக்குப் போகப்போறீங்க?' என்பார். மனுஷன் சிரிக்காமலே சொல்வார், அதுதான் எரிச்சல்.

முதல் வாய்ப்பூட்டுக்கு வந்தவள் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயர் எழுதும் பெண். புத்தகத்தில் மொத்தம் பதினாலு வரி. ஆறு வரி வரைக்கும் எப்படியோ தட்டுத்தடுமாறி வந்துவிட்டாள். ஏழாவது வரி இப்படி இருந்தது: 'கதவானது (முன்பக்க வட்டக் கதவு, படம் மூன்றைப் பார்க்கவும்) முறையாக மூடப்பட்டிருப்பது உறுதி செய்யப்பட்ட பின்னர் (இது மிகவும் முக்கியம்) கைப்பிடியானது (கறுப்பு நிறம்) போதுமான அளவு திருப்பப்பட வேண்டும்.'

அந்தப் பெண் அதை இரண்டு தடவை படித்தாள். கதவை மூடினாள். கைப்பிடியைத் திருப்பினாள். அது அசைவேனா என்றது. இழுத்துப் பார்த்தாள், தொங்கியும் பார்த்தாள்.

"ஐயோ, அப்படி இல்லம்மா, இப்படி!" என்று கோட்டைத் தாண்டி ஓடிய அடைப்புக்குறி தானே கதவை மூடினாள். டக். கைப்பிடி வெண்ணெயாகத் திரும்பியது. அதற்குப் பிறகுதான் தான் வாயைத் திறந்துவிட்டது அவளுக்கு உறைத்தது.

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிஷம். பரவாயில்லை, சிலபேர் ரெண்டு நிமிஷத்துலயே கோட்டைத் தாண்டிடுவாங்க."

அந்த வாரமே அவளை ஒரு எழுத்துப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். வேலையில் இருக்கிற இன்ஜினியர்களுக்கென்று ஒரு நாள் வகுப்பு. இருபது பேர், எல்லாரும் பேனாவை ஸ்பேனர் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பெடுத்தவர் நல்ல மனுஷர். சின்ன வாக்கியமா எழுதுங்க, ஒரு வரியில ஒரு வேலை சொல்லுங்க, 'செய்யப்பட வேண்டும்'னு சுத்தி வளைக்காம 'செய்யவும்'னு சொல்லுங்க என்றார். அடைப்புக்குறி மதிய இடைவேளையில் தன் புத்தகத்தை எடுத்து எண்ணிப் பார்த்தாள். பதினாலு வரியில் அறுபத்தொரு அடைப்புக்குறி. அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. அன்று சாயங்காலத்துக்குள் ஒன்றுவிடாமல் அடித்துத் தள்ளினாள். ஏழாவது வரி இளைத்துப் போய் இப்படி நின்றது: 'கதவை நன்றாக மூடி, கைப்பிடியைப் போதுமான அளவு அழுத்தித் திருப்பவும்.'

இனி யார் வந்தாலும் ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் திங்கட்கிழமை காலை இரண்டாவது வாய்ப்பூட்டுக்குப் போய் நின்றாள். இந்தத் தடவை வந்தவர் பட்டறை லாரியின் டிரைவர், பெரிய உடம்பு, பெரிய குரல். ஒவ்வொரு வரியையும் ஊருக்கே கேட்கிற மாதிரி படித்துப் படித்துச் செய்தார். தண்ணீர் ஊற்றினார், தட்டை உள்ளே வைத்தார், எல்லாம் கச்சிதம். ஏழாவது வரிக்கு வந்தார்.

"நன்றாக மூடின்னா? நான் என்ன அரைகுறையாவா மூடறேன்?" என்று புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார். கைப்பிடி திரும்பவில்லை. "போதுமான அளவுன்னா எவ்வளவு? இது போதாதா? இதுவும் போதாதா?" ஒவ்வொரு 'போதாதா'வுக்கும் கைப்பிடியை ஒரு உலுக்கு உலுக்கினார். கோட்டுக்குப் பின்னால் அடைப்புக்குறி கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. பத்து நிமிஷம் ஆனதும் டிரைவர் புத்தகத்தைப் பானையின் தலைமேல் வைத்தார். "இதை ஓட்டறதுக்கு லாரியை ரிவர்ஸ்லயே மலை ஏத்திடலாம் சார்."

"மிஷின்ல கோளாறு இருக்குமோ?" என்று மேனேஜர் கேட்டார்.

அடைப்புக்குறிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கருவிகள் அடுக்கிய இன்னொரு தட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்து உள்ளே வைத்தாள், கதவை மூடினாள், கைப்பிடியைத் திருப்பினாள். டக். பச்சை விளக்கு எரிந்தது.

"சரி, மிஷின் நல்லாத்தான் இருக்கு. எழுத்துதான் மக்கர் பண்ணுது" என்றார் மேனேஜர். "வியாழக்கிழமை அந்த ஆஸ்பத்திரித் தலைமை நர்சே வர்றாங்க. அவங்கதான் மூணாவது ஆள். அவங்களால முடியலைன்னா லாரி காலியாத்தான் போகும். உங்க பானையை நாம இங்க வச்சு முட்டை வேகவச்சுக்கலாம்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த அடைப்புக்குறி முகம்கூடக் கழுவாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஏழாவது வரியைத் திருத்த ஆரம்பித்தாள். திருத்தத் திருத்த அது பெருத்தது. எவ்வளவு அழுத்துவது, எந்தத் திசையில், கைப்பிடி எத்தனை டிகிரி, திரும்பாவிட்டால் என்ன செய்வது, அப்போதும் திரும்பாவிட்டால் என்ன செய்வது. ஏழு மணிக்கெல்லாம் ஏழாவது வரி மூன்று பக்கம் ஆகிவிட்டது. போன அடைப்புக்குறிகள் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி கூட்டமாகத் திரும்பி வந்திருந்தன.

அவள் கணவன் மருந்துக்கடை வைத்திருப்பவன். மூன்று பக்கத்தையும் பொறுமையாகப் படித்தான். "என் கடையில மருந்துக் கவர் மேல நான் எழுதறதே மூணு வார்த்தை. 'சாப்பிட்டபின் ஒன்று, இரவு.' அதையே பாதிப்பேர் தப்பாப் பண்றாங்க. நீ மூணு பக்கம் எழுதியிருக்கே. அந்த நர்ஸம்மா பாவம் இல்லையா?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். மாத்திரையை விழுங்கினா போதும், இது கதவு!"

"அப்போ கதவை யாரையாவது விழுங்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அவன் நைசாக பால்கனிப் பக்கம் கம்பி நீட்டினான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் அவனுடைய தங்கை. அடைப்புக்குறிக்கு நாத்தனார். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவளுக்குத் தொழில். காலையிலிருந்து மாலைவரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர்களின் காலையும் கையையுமே பார்த்துக்கொண்டிருப்பவள். வேலை முடிந்து போகிற வழியில் அண்ணன் வீட்டில் ஒரு டீ குடிக்காமல் போகமாட்டாள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் மனசு வெள்ளை.

"அண்ணி, எனக்கு இந்தக் காகிதமெல்லாம் வேணாம். நீங்க எப்படி மூடுவீங்க? செஞ்சு காட்டுங்க."

"இங்க பானையா இருக்கு, செஞ்சு காட்ட?"

"ஃபிரிட்ஜ் இருக்கே. அதைப் பானைன்னு நினைச்சுக்குங்க."

அடைப்புக்குறி அலுத்துக்கொண்டே எழுந்தாள். இருந்தாலும் செய்வதைத் திருந்தச் செய்கிறவள் அல்லவா? ஒரு சாப்பாட்டுத் தட்டில் கரண்டிகளை அடுக்கி, கருவித் தட்டைப் பிடிக்கிற மாதிரியே இரண்டு கையாலும் பிடித்து வந்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து உள்ளே வைத்தாள். கதவை மூடினாள். இல்லாத கைப்பிடியைத் திருப்பினாள். "இவ்வளவுதான். இதுல என்ன இருக்கு?"

நாத்தனார் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவை செய்யுங்க."

செய்தாள்.

"அண்ணி, இடுப்பால ஒரு இடி இடிச்சீங்களே, அது எந்த வரியில இருக்கு?"

"எந்த இடி?"

"கதவு மூடினதும் கீழ்ப்பக்கமா, இடுப்பால, டங்குனு. ரெண்டு தடவையும் இடிச்சீங்க. எங்கிட்ட கத்துக்க வர்றவங்களும் இப்படித்தான். பிரேக்கிலேர்ந்து காலை எடுத்ததே அவங்களுக்குத் தெரியாது, கேட்டா எடுக்கவே இல்லைன்னு சத்தியம் பண்ணுவாங்க."

"நான் இடிக்கவே இல்லை" என்றாள் அடைப்புக்குறி.

நாத்தனார் போனைப் படம் பிடிக்கத் தயாராக நீட்டினாள். மூன்றாவது தடவை செய்து, படத்தைப் பார்த்தாள் அடைப்புக்குறி. பார்த்தாளா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். டங்கென்று ஒரு இடி! ஏதோ பஸ்ஸில் இடம் பிடிக்கிறவள் மாதிரி, வஞ்சனையில்லாமல் இடித்திருந்தாள். ஒன்றரை வருஷமாகப் பானையோடு குடித்தனம் நடத்துகிறாள், தினமும் பத்துத் தடவை கதவை மூடியிருக்கிறாள், இது தெரியவில்லை. முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. சத்தம் கேட்டு பால்கனியிலிருந்து அவனும் வந்து படத்தைப் பார்க்க, மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"அப்புறம் என்ன, எழுதிடுங்க" என்றாள் நாத்தனார். "'கதவின் கீழ் விளிம்பில் இடுப்பால் இடிக்கவும்.' முடிஞ்சது வேலை. நர்ஸம்மா இடிப்பாங்க, லாரி போயிடும்."

எழுதினாள். அங்கேதான் மாட்டிக்கொண்டாள். இடுப்பு என்றால் யாருடைய இடுப்பு? உயரமானவர்களுக்கு அது மேல் விளிம்புக்கு வருமே? எவ்வளவு பலமாக இடிப்பது? மெதுவாக என்று எழுதினால் எவ்வளவு மெதுவாக? எழுதி எழுதி அடித்தாள். எட்டாவது தடவை அடிக்கும்போதுதான் பேனா நின்றது. கொதிக்கிற நீராவியை உள்ளே வைத்திருக்கிற கதவை இடுப்பால் இடிக்கச் சொல்லி ஒரு புத்தகம் எழுதுகிறேனே, எனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா? எந்தத் தமிழில் எழுதினாலும் இந்த வரி நன்றாக இருக்காது. வரியில் ஒரு கோளாறும் இல்லை, கதவில்தான் கோளாறு.

சிரிப்பெல்லாம் போய்விட்டது. என் பானை, நான் செய்த பானை, அதில் கோளாறு.

மறுநாள் காலை முதல் வேலையாக ஃபிட்டர் அண்ணனைப் பிடித்தாள். அந்தப் பட்டறையில் இருபது வருஷம் ஆனவர், கையில் எப்போதும் ஒரு துணி, மூக்கு நுனியில் எப்போதும் ஒரு கரி.

"அண்ணே, பானைக் கதவை ஒரு தடவை மூடுங்க."

மூடினார். டக்.

"முழங்காலால எதுக்குத் தள்ளினீங்க?"

"நானா? நான் எங்க தள்ளினேன்?" என்றவர் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். பேன்ட்டில் அந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது. "அட ஆமாம்!"

அதற்குப் பிறகு பட்டறையே கூடிவிட்டது. வெல்டரைக் கூப்பிட்டு மூடச் சொன்னார்கள், அவர் முழங்கையால் ஒரு குத்து விட்டார். பெயின்ட் அடிப்பவர் தோளைக் கொடுத்தார். சோதனைப் பிரிவுப் பெண் ஷூ நுனியால் ஒரு உதை. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள், ஒருவருக்கும் தான் செய்வது தெரியவில்லை. இன்ஜினியர்களும் மெக்கானிக்குகளும் இப்படித்தான் ஐயா. ஒரு இயந்திரம் சண்டித்தனம் பண்ணினால் முதல் வாரம் திட்டுவார்கள், இரண்டாவது வாரம் அதற்கு ஏற்றபடி உடம்பை வளைத்துக்கொள்வார்கள், மூன்றாவது வாரம் இது நல்ல இயந்திரம் என்று சர்டிபிகேட் கொடுப்பார்கள்.

காரணம் பத்தே நிமிஷத்தில் கிடைத்தது. முதலில் கதவுக்குத் தடிமனான ரப்பர் வளையம் போட்டிருந்தார்கள். அதற்கு இடம் வேண்டுமென்று கீலுக்கு அடியில் இரண்டு வாஷர் கூடுதலாக வைத்திருந்தாள். பிறகு மெல்லிய வளையம் வந்தது. வரைபடத்தில் வாஷரை எடுத்துவிட்டாள். கதவிலிருந்து எடுக்கவில்லை. கதவு ஒரு நூல் அளவு தள்ளியே நின்றது, உள்ளே போக வேண்டிய இரும்பு நாக்கு துளையின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது. அந்த ஒரு நூலைத்தான் ஒன்றரை வருஷமாக இடுப்பும் முழங்காலும் சரிக்கட்டிக்கொண்டிருந்தன.

மேனேஜரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அதுதான் பெரிய சங்கடம். கதவைக் கழற்றினால் மறுபடி எல்லாச் சோதனையும் ஓட்ட வேண்டும், வியாழக்கிழமைக்கு இரண்டே நாள். நீராவி கசிந்தால் லாரி காலியாகத்தான் போகும். சொல்லாமல் இருந்தாலோ, 'இடுப்பால் இடிக்கவும்' என்ற வரியோடு பானை தேறிவிடும். ஆசை யாரை விட்டது? அறைக் கதவின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். மலைமேல் ஏதோ ஒரு நர்ஸ், அவசரத்தில், பாதி மூடிய கதவோடு பொத்தானை அழுத்துவதை நினைத்துப் பார்த்தாள். உள்ளே போனாள்.

"சார், எழுத்து மக்கர் பண்ணலை. மிஷின்தான் சரியில்லை. நான்தான் கவனிக்கலை." அடைப்புக்குறியே இல்லாத மூன்று வாக்கியம். அவளுக்கே ஆச்சரியம்.

மேனேஜர் முழுக்கதையையும் கேட்டார். நாற்காலியிலிருந்து எழுந்து போய்ப் பானைக் கதவைத் தானே மூடிப் பார்த்தார், வயிற்றால் ஒரு தள்ளு தள்ளினார். ஃபிட்டர் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

"திங்கட்கிழமை மிஷின் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னது யாரு?" என்று கேட்டார் மேனேஜர்.

"நீங்க சார்."

"சரி, அதை ரிப்போர்ட்ல எழுத வேண்டாம்" என்றவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டார். "கழற்றுங்க. வியாழன் காலை பத்து மணிவரைக்கும் டைம்."

வாஷர் இரண்டையும் எடுத்தார்கள். முதல் ஓட்டத்திலேயே கதவின் அடியில் உஸ்ஸென்று நீராவி சீறியது. அடைப்புக்குறிக்கு உயிரே போய்விட்டது. ரப்பர் வளையத்தைக் கழற்றி, உட்காருகிற பள்ளத்தைத் துடைத்து, மறுபடி பொருத்தினார்கள். இரண்டாவது ஓட்டத்தில் சத்தமே இல்லை. மூன்றாவது, நாலாவது, புதன்கிழமை முழுக்க இன்னும் ஆறு. கசிவு சொட்டுக்கூட இல்லை. நடுவில் வெல்டர் பழக்கதோஷத்தில் முழங்கையால் குத்தி, கதவு முன்பே மூடிக்கொண்டதால் வலியில் துள்ளிக் குதித்ததுதான் ஒரே விபத்து.

சாயங்காலம் அவள் புத்தகத்தை எடுத்தாள். மூன்று பக்கத்தைக் கிழித்தாள். ஏழாவது வரியை இரண்டு சின்ன வரியாகப் பிரித்து எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எழுதிவிட்டு, கதவருகே போய், எழுதியதை மட்டுமே செய்தாள். எழுதாத எதையும் செய்யக்கூடாது என்று கையையும் இடுப்பையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தாள். அப்படியே பதினைந்து வரியையும் செய்து பார்த்ததில் இன்னும் இரண்டு திருட்டுத்தனம் அகப்பட்டது. தண்ணீர் அளவைப் பார்க்கத் தலையைச் சாய்க்கிறாள், எழுதவில்லை. கையுறை போட்டுக்கொள்கிறாள், அதையும் எழுதவில்லை. இரண்டையும் அந்தந்த வரியிலேயே சேர்த்து எழுதினாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குத் தலைமை நர்ஸ் வந்து சேர்ந்தார். ஒல்லியான அம்மாள், ஐந்தடிகூட இருக்காது, ஆனால் அவர் நடந்து வந்த தோரணையில் மேனேஜர்கூட பேனாவைச் சட்டைப்பையில் சரியாகச் செருகிக்கொண்டார். வணக்கம் முடிந்ததும் நேரே பானைக்குப் போனார். "புத்தகம் எங்க?"

அடைப்புக்குறி மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். கைக்குட்டை தயாராக இருந்தது.

நர்ஸம்மா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தார். கையுறை. தண்ணீர், 'தலையைச் சாய்த்துப் பார்க்கவும், சிவப்புக் கோடுவரை.' சாய்த்துப் பார்த்தார். தட்டு. ஆறாவது வரி முடிந்தது. வெல்டர்கூட வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அடைப்புக்குறி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏழு. கதவை மூடவும்" என்று படித்தார் நர்ஸம்மா. "எட்டு. கைப்பிடியை டக்கென்று சத்தம் வரும்வரை வலப்பக்கம் திருப்பவும்."

டக்.

அந்தச் சத்தம் கேட்டதும் அடைப்புக்குறி கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் நின்ற ஃபிட்டர் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் நர்ஸம்மா லேசுப்பட்டவர் இல்லை. ஓட்டம் முடிந்து, அழுத்தம் காட்டும் முள் கீழே இறங்கியதும் கதவுக்கு நேரே கையை நீட்டி, அப்படியே நிறுத்தி, திரும்பி அடைப்புக்குறியைப் பார்த்தார். "ஏம்மா, இப்பத் திறக்கலாமா?"

கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா? அதுவும் உள்ளே இன்னும் சூடு இருக்கும்போது! அடைப்புக்குறி கைக்குட்டையைக் கடித்தாள். மேனேஜர் கூரையைப் பார்த்தார். நர்ஸம்மா இரண்டு விநாடி காத்திருந்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். "'சிவப்பு விளக்கு அணையும்வரை கதவைத் தொட வேண்டாம்.' இருக்கே! சும்மா கேட்டுப் பார்த்தேன். எங்க ஊர்ப் பொண்ணுங்க யாரையாவது கேட்கத்தான் பார்ப்பாங்க. கேட்க அங்க ஆள் இருக்காது."

விளக்கு அணைந்தது. கதவு திறந்தது. கருவிகள் பளபளவென்று வந்தன. நர்ஸம்மா கையெழுத்துப் போட்டார்.

மதியத்துக்குள் பானை லாரியில் ஏறிவிட்டது. அடைப்புக்குறி ஓடிப்போய் தன் கைப்பையையும் ஸ்பேனர் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். புது இயந்திரத்தோடு அதைச் செய்தவரும் போய் ஒரு வாரம் இருந்து ஓட்டிக்காட்டிவிட்டு வருவதுதான் எப்போதும் நடப்பது. அவள் பானை முதல் தடவை புது இடத்தில் மூச்சு விடுவதைப் பார்க்க வேண்டாமா?

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்த நர்ஸம்மா பெட்டியையும் அவளையும் பார்த்தார். "நீங்க எதுக்கும்மா அவ்வளவு தூரம்? புத்தகம் இருக்கே."

ஒரு நிமிஷம் அடைப்புக்குறிக்கு முகம் சுருங்கிவிட்டது. நிஜத்தைச் சொல்ல வேண்டும் என்றால் அழுகையே வந்தது. பதினொரு வருஷமாக எங்கே எது நின்றாலும் 'மேடம் வந்தாத்தான் ஓடும்' என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த மனசு அது. லாரி கிளம்பி, வளைவில் திரும்பி, தூசி அடங்கியது. அவள் பெட்டியோடு அங்கேயே நின்றாள்.

"என்ன மேடம், விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்டார் ஃபிட்டர் அண்ணன்.

"ஆமாண்ணே. நான் வேணாமாம். புத்தகம் போதுமாம்" என்றாள். சொல்லி முடித்ததும்தான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது. "அண்ணே! புத்தகம் போதுமாம்ண்ணே!" பெட்டியைத் தரையில் போட்டாள். போனை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். கடையில் கூட்டம் போலிருக்கிறது, பின்னால் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது.

"என்னங்க, நான் தேவையே இல்லைன்னு சொல்லிட்டாங்க!"

அந்தப் பக்கம் அவன் இருமுகிறவரைக் கொஞ்சம் நிற்கச் சொன்னான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "சரி, விடு. மனசைப் போட்டு அலட்டிக்காதே. நேரா வீட்டுக்கு வா, நான் கடையைச் சாத்திட்டு வர்றேன்."

"ஐயோ, கடையைச் சாத்தாதீங்க! நான் அழலை, சிரிக்கிறேன்!" என்று கத்தினாள் அவள், பட்டறை முழுக்கக் கேட்கும்படி, இரண்டு கன்னத்திலும் கண்ணீர் வழிய.